பாய்ப் பிலாட்டீஸா, ரிஃபார்மர் பிலாட்டீஸா?

ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரின்போது மேன் தீவு முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் வளர்த்தெடுத்து, பின்னர் நியூயார்க்கில் கற்பித்த பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சிமுறையைத் தரையில் பாய் விரித்தும் செய்யலாம், ரிஃபார்மர் என்னும் கருவியின்மேலும் செய்யலாம். வயிறு, இடுப்பு, முதுகுத்தண்டைச் சுற்றிய ஆழ்தசைகளை வலுப்படுத்துவதும், மூச்சோடு இசைந்து கட்டுப்பாட்டுடன் அசைவதும் இரண்டுக்கும் பொது.

பாயில் தாங்குவதற்கு எதுவுமில்லை. மல்லாந்து படுத்துத் தலையையும் கால்களையும் உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, கைகளை நூறு முறை அசைக்கும் ‘ஹண்ட்ரட்’ பயிற்சியில், வயிற்றுத்தசை வலுவற்ற புதியவர்கள் பெரும்பாலும் கழுத்தை வருத்திக்கொள்கிறார்கள். பாய் எளிது, கருவி கடினம் என்ற பரவலான எண்ணத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ரிஃபார்மர் கட்டில் போன்ற ஒரு சட்டகம். அதில் முன்னும் பின்னும் நகரும் பலகை ஸ்பிரிங்குகளால் இணைக்கப்பட்டிருக்கும். காலால் பலகையைத் தள்ளும்போது ஸ்பிரிங்கைக் குறைத்தால் வேலை இலகுவாகும். ஆனால், கைகளை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலையில், ஸ்பிரிங் குறையக் குறையப் பலகை நிலைகொள்ளாமல் நழுவுவதால், நடுவுடல் கூடுதலாக உழைக்க நேரும். இந்த நுட்பத்துக்காகவே, கருவியைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் பழகுவது நல்லது.

செலவில் பாய்க்கே வெற்றி. எலும்பு அடர்த்தி குறையும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள், முதுகை முன்வளைக்கும் அசைவுகள் இரண்டிலும் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. எடை குறைப்பது மட்டுமே நோக்கமென்றால், இரண்டையும்விட வேகநடை பொருத்தமானது.