எம்டனுக்கு மூன்று செட் மோட்டார்

எங்கள் பக்கம் ஒருவர் பொல்லாத கெட்டிக்காரர் என்றால் "அவரு பெரிய எம்டனுங்க" என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர், கடலே இல்லாத கோயமுத்தூரிலும் இன்னும் புழங்குகிறது. ரிமோட்டில் ஓடும் போர்க்கப்பல் மாடல் செய்ய உட்கார்ந்தபோது நான் வேறு கப்பலை யோசிக்கவே இல்லை. 1:96 அளவு. அசல் 118 மீட்டர், என்னுடையது 123 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். தண்ணீரில் இறக்கி மூன்றரை வருடம் ஆகிறது. புகைபோக்கி, பீரங்கி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. மோட்டாரும் புரொப்பெல்லரும் மட்டும்தான். காசு போனது அங்கேதான்.

பம்ப் தயாரிக்கும் யூனிட் ஒன்றில் டெஸ்டிங் வேலை எனக்கு. "எத்தன ஹெச்.பி. போடலாமுங்க?" என்று யாராவது வந்து கேட்டால், "கெணறு எத்தன அடி, தண்ணி எவ்வளவு வேணும்?" என்றுதான் திருப்பிக் கேட்போம். ஹெச்.பி. கடைசியில்தான் வரும். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிற நான், கப்பலுக்கு முதலில் மோட்டாரைத்தான் வாங்கினேன்.

பழைய சாமான் கடையில் பேட்டரி டிரில் மெஷினிலிருந்து கழற்றிய 775 வகை மோட்டார் இரண்டு கிடைத்தன. கையில் எடுத்தால் கனமாக, பார்க்கவே திருப்தியாக இருந்தன. அதற்குப் பொருத்தமாக 45 மி.மீ. பிளாஸ்டிக் புரொப்பெல்லர், 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. அன்னூர் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் முதல் ஓட்டம். ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் குச்சியை, அதாவது திராட்டிலைத் தள்ளினேன். மூக்கு தூக்கி, பின்பக்கம் உட்கார்ந்து, முன்னால் எழுந்த அலை டெக் மேலேயே ஏறியது. திருப்பினால் ஒருக்களித்துப் படுத்தது. கூட வந்திருந்த லேத் பட்டறை அண்ணன், "என்னுங்க தம்பி, போர்க்கப்பல்னு சொன்னீங்க, நாய் தொரத்துன கோழியாட்டம் ஓடுது!" என்றார். எட்டு நிமிடத்தில் பேட்டரி காலி.

வீட்டுக்கு வந்து சிமெண்ட் தொட்டியில் கயிறு கட்டி நிறுத்தி, கிளாம்ப் மீட்டர் வைத்துக் கரண்ட்டை அளந்து பார்த்தேன். ஒரு மோட்டாருக்கு 18 ஆம்பியர். அடுத்ததற்கு 22. ஒரே மாடல் மோட்டாருக்கு ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு புரொப்பெல்லரும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒன்றை ரிவர்ஸில் இணைத்திருந்தேன். டிரில் மோட்டாரில், உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் நிலையை (டைமிங் என்பார்கள்) ஒரு திசைக்குச் சாதகமாக நகர்த்தி வைத்திருப்பார்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் கரண்ட் அதிகம் இழுக்கும், சூடாகும், வேகமும் குறையும். கப்பல் ஏன் எப்போதும் வலப்பக்கமே இழுக்கிறது என்று சுக்கானை வளைத்து வளைத்துப் பார்த்த நேரமெல்லாம் வீண்.

அப்புறம்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். எம்டனின் வடிவமைப்பு வேகம் 23.5 நாட். மாடலில் அலை அசல் மாதிரியே எழ வேண்டுமானால் வேகத்தை 96-ஆல் வகுக்கக் கூடாது, 96-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அது சுமார் 9.8. வருவது 2.4 நாட், அதாவது வினாடிக்கு 1.2 மீட்டர். ரேஷன் கடைக்கு நடந்து போகிற வேகம்! எடையை 96-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். 3,664 டன் கப்பல் இங்கே நாலு கிலோ சொச்சம். நாலு கிலோவை நடை வேகத்தில் தள்ள நான் இரண்டு டிரில் மெஷினைப் பூட்டியிருக்கிறேன்.

புரொப்பெல்லர் அளவை முடிவு செய்தது தண்ணீர்தான். இந்த அளவில் கப்பல் மூழ்கும் ஆழம் சுமார் 5.8 செ.மீ. 45 மி.மீ. புரொப்பெல்லரின் மேல் இறக்கை தண்ணீர் மட்டத்தை ஒட்டியே சுற்றும். வேகம் கூட்டினால் காற்றை உள்ளே இழுத்து நுரைதான் வரும், தள்ளு வராது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கிய கிணற்றில் பம்ப் ஓடுகிற கதைதான். 35 மி.மீ.க்கு இறங்கினேன். விட்டம் கொஞ்சம்தானே குறைகிறது என்று நினைக்க வேண்டாம். அதே சுற்றில் ஓடினால் லோடு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். 30-ஐ 40 ஆக்கினால் நாலு மடங்குக்கு மேல் பவர் கேட்கும். சுற்றைக் கூட்டினால் மூன்றாம் அடுக்கு. பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் இதே கணக்குதான். எனக்குத் தெரியாததா? தெரியும், ஆனால் தோன்றவில்லை.

இரண்டாவது செட்டில் கணக்கு சரி, மோட்டார் தப்பு. விமான மாடலுக்கான 1000 கே.வி. பிரஷ்லெஸ், அதாவது பிரஷ்ஷே இல்லாத மோட்டார் இரண்டு வாங்கினேன். கே.வி. என்றால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 11.1 வோல்ட்டில் லோடு இல்லாமல் 11,000 சுற்று. எனக்குத் தேவையோ நாலாயிரத்துச் சொச்சம். பாதி திராட்டிலுக்கு மேல் தள்ளவே வேண்டியதில்லை. அது கூடப் பரவாயில்லை, சுற்றும் பகுதி எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சார் இல்லாத மோட்டார் என்பதால் மெதுவாகக் கிளம்பத் தெரியவில்லை. திக்கித் திக்கி ஆடிவிட்டு, திடீரென்று பாயும். போர்க்கப்பலின் அழகே மெல்ல நகர்ந்து, மெல்லத் திரும்பி, கரையோரம் வந்து நிற்பதில்தான் இருக்கிறது. தவிர, இந்த வகையில் வெளிக்கூடே சுற்றும். குறுகலான கப்பல் உடலுக்குள் ரிசீவர் ஒயர் ஒன்று அதில் உரசி உரசி இன்சுலேஷன் போயிற்று.

ஒன்பது மாதம் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசி சுற்றி இடப்பக்க ஷாஃப்ட் நின்றது. நான் கவனிக்காமல் திராட்டிலைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஸ்பீடு கன்ட்ரோலரிலிருந்து புகை வந்தது. தூரத்திலிருந்து பார்த்த தோட்டக்காரரின் மகன், புகைபோக்கியிலிருந்து வருவதாக நினைத்துக் கைதட்டினான்.

இப்போது இருப்பது மூன்றாவது செட், வயது இரண்டே கால். 555 அளவு, 12 வோல்ட்டில் 6,000 சுற்று மட்டுமே ஓடும் சாதாரண பிரஷ் மோட்டார். டைமிங் நடுவில், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். ஒன்றின் விலை நானூறு ரூபாய்க்குள். மூன்று இறக்கைப் பித்தளைப் புரொப்பெல்லர்தான் விலை, இரண்டும் சேர்த்து 2,200 ஆயிற்று. ஒன்று இடச்சுற்று, ஒன்று வலச்சுற்று, மேல் இறக்கைகள் வெளிப்பக்கம் சுற்றும்படி. முழு திராட்டிலில் மோட்டாருக்கு 1.1 ஆம்பியர். 5,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது, எனக்குத்தான் கால் வலிக்கிறது. மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் என்று தனித்தனியாக வைத்து, சுக்கானைத் திருப்பும்போது இரண்டு மோட்டாரின் வேகமும் சேர்ந்து மாறும்படி ரிமோட்டில் மிக்ஸிங் போட்டேன். சின்னச் சுக்கானால் திரும்பாத இடத்தில் ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுற்றவைத்து நின்ற இடத்திலேயே திருப்பலாம். ஒவ்வொரு மோட்டாருக்கும் 5 ஆம்பியர் கார் ஃபியூஸ். இதுவரை நாலு ஃபியூஸ் போயிருக்கிறது, கன்ட்ரோலர் ஒன்றும் போகவில்லை.

மோட்டாரைப் பொருத்துவதில் லேத் அண்ணன் காட்டிய ஒரு வேலை. நான் கண்ணால் நேர் பார்த்து ஒட்டிவிட்டு, மோட்டாரையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சின்னப் பித்தளைக் குழாயைக் கடைந்து, ஒரு முனையை மோட்டார் ஷாஃப்ட்டிலும் மறுமுனையை புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் சொருகினார். இரண்டும் ஒரே கம்பி மாதிரி ஆனது. அந்த நிலையிலேயே மோட்டார் பீடத்தை எபாக்ஸி போட்டு ஒட்டி, மறுநாள் காய்ந்த பிறகு குழாயை உருவிவிட்டு யுனிவர்சல் ஜாயின்ட்டை மாட்டினார். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பீடத்தில் வைத்துக் காதில் ஒட்டிக் கேட்டேன். மெல்லிய ரீங்காரம் மட்டும். லோடு இல்லாத கரண்ட்டும் 0.6-லிருந்து 0.3-க்கு இறங்கியது.

கிரீஸ் விஷயத்தில் ஒருமுறை சூடு பட்டேன். ஷாஃப்ட் குழாயில் பேரிங் கிரீஸைக் கெட்டியாக அடைத்ததில் அதே கரண்ட் மறுபடி ஏறிவிட்டது. இப்போது தையல் மெஷின் எண்ணெய் கலந்து இளக்கிய கிரீஸ், மூன்று ஓட்டத்துக்கு ஒரு தரம். ஓட்டம் முடிந்ததும் புரொப்பெல்லர் நட்டைக் கழற்றி, பின்னால் சுற்றியிருக்கும் பாசியையும் தூண்டில் நரம்பையும் பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-இல் ஓட ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கம் வறண்டு கிடந்த குளங்களுக்கும் தண்ணீர் வருகிறது. கூடவே தூண்டில்காரர்களும் வருகிறார்கள். குறை சொல்லவில்லை, நரம்பைத்தான் சொல்கிறேன்.

ஒன்றரை வருடத்தில் கப்பல் உள்ளே தண்ணீர் கசிந்தது. ஷாஃப்ட் குழாயோடு வந்த, ஷாஃப்ட்டைத் தாங்கும் பித்தளை வளையம் (புஷ்) முட்டை வடிவில் தேய்ந்திருந்தது, ஷாஃப்ட்டை ஆட்டினால் கையிலேயே தெரியும். பம்ப்புக்குப் போடுகிற கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் நாலு புஷ் கடைந்து போட்டதும் இடப்பக்கம் அதற்கப்புறம் சொட்டுக்கூடக் கசியவில்லை. வலப்பக்கம் போன வாரத்திலிருந்து மறுபடி லேசாகக் கசிகிறது. புஷ்ஷைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். "வெள்ளிக்கெழம வாங்கிக்கங்க தம்பி" என்றார் அண்ணன். எந்த வெள்ளி என்று நானும் கேட்கவில்லை.