மென்மையான கருப்பு பெயின்ட்டுக்கு மெக்வையர்ஸ் எம்205 கார் பாலிஷ் சரிப்படுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கருப்புக் கார் வைத்திருப்பவர்களுக்குச் சுழல் கோடு (வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்) புதிதல்ல. வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பார். கார் கவர் போட்டபடி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். உள்ளே புகுந்த செம்மண் தூசி, காற்றில் கவர் ஆட ஆட உரசிக்கொண்டே இருக்கும். சாந்திக்கோ திருவிழாவுக்கோ ஆள் வந்ததும் வறண்ட துணியால் ஒரு துடைப்பு. உப்புத்தாள் போட்டதற்குச் சமம். ஹோண்டா போன்ற ஜப்பானிய கார்களின் கிளியர் கோட் (பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு) பொதுவாக மென்மை என்பதால் கோடு இன்னும் சீக்கிரம் விழும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ‘ரப்பிங் அடிச்சிடலாம் சார்’ என்பார்கள். ரோட்டரி மெஷின், கம்பளி பேட், கரகரப்பான காம்பவுண்ட். நிழலில் மின்னும், மறுநாள் மதிய வெயிலில் மெஷின் போன தடமெல்லாம் ஹோலோகிராமாகத் தெரியும். மென்மையான பெயின்ட்டில் வெட்டும் சக்தியைக் கூட்டக் கூட்டப் புதுக் கோடுதான் கூடும்.

அதனால்தான் எம்205. இது கடைசிக்கட்ட ஃபினிஷிங் பாலிஷ். கடினமான பெயின்ட்டில் மினுக்க மட்டுமே உதவும். மென்மையான பெயின்ட்டில் இதுவே சுழல் கோட்டையும் எடுத்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுழன்றுகொண்டே அதிரும் வகை), 5 அங்குல மென்மையான ஃபோம் பேட், கூடவே எம்205, இந்த மூன்றும் போதும். மைக்ரோஃபைபர் கட்டிங் பேட் பக்கமே போக வேண்டாம்.

முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்து, ஷாம்பு போட்டுக் கழுவி, ஃபைன் கிரேடு களிமண்ணை (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் ‘கிளே பார்’ கட்டி) வழுக்கும் திரவத்தோடு மெல்ல ஓட்டுங்கள். களிமண்ணே இந்தப் பெயின்ட்டில் கோடு போடும், அழுத்த வேண்டாம். கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பாலிஷ் அதில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு எளிதில் போகாது.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், பாலிஷில் உள்ள தேய்க்கும் பொடி அடியில் தங்கும். புது பேடில் முதல் தடவை அதன் பரப்பு முழுக்கப் பாலிஷை மெல்லத் தடவிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டுதான். ஒன்றரை அடிச் சதுரமாக எடுத்து, வேகம் 1-இல் பரப்பி, 4-க்கு ஏற்றுங்கள். நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து சுற்று. கடைசிச் சுற்றில் மெஷினின் எடை மட்டும் இருந்தால் போதும். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அது சுழலாமல் வெறுமனே அதிர்ந்தால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

எம்205-இன் பொடி தேய்ந்து கரைவதில்லை. எனவே பேடில் சேரும் பெயின்ட் கழிவுதான் முதல் எதிரி. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் பேடைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு பேனலுக்கு ஒரு பேட் மாற்றுங்கள். ஒரு செடானுக்கு ஐந்தாறு பேடாவது வேண்டும். பேடில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டுப் பாலிஷைத் திட்டுபவர்களே அதிகம்.

பானட்டில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, இருட்டில் எல்இடி டார்ச் அடித்துக் கோட்டைப் படியுங்கள். சீரான மங்கல் என்றால் பேட் கடினம் அல்லது வேகம் அதிகம். சுருள் சுருளான சின்னக் கீறல் என்றால் பேடுக்குள் மண் துகள் இருக்கிறது. பேடை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரே திசையில் நேர்க்கோடுகள் என்றால் மெஷின் குற்றமில்லை, துடைத்த துணிதான். லேபிளை வெட்டிய, அடர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் கையின் எடை மட்டும் படும்படி துடைக்க வேண்டும்.

இந்தப் பாலிஷின் குறை, அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பசை. மெல்லிய மங்கலை அது மறைத்துவிடும். கழுவிய பிறகு வெளியே வரும். அந்தப் பசையை எடுக்க, 15 பங்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 85 பங்கு தண்ணீர் கலந்து தாராளமாகத் தெளித்துத் துடைத்த பிறகே முடிவு சொல்லுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஆல்கஹால் நொடியில் காயும், காய்ந்த இடத்தில் துணி இழுத்தால் மறுபடி கோடு. காலையில் அல்லது மூடிய ஷெட்டில், தரையை நனைத்துத் தூசி அடக்கிவிட்டு, பானட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது செய்யுங்கள்.

கிளியர் கோட் மொத்தமே சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். நகம் மாட்டும் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். கதவு மடிப்பு, ஃபெண்டர் விளிம்பு ஆகியவற்றில் பெயின்ட் இன்னும் மெல்லியது. அங்கே மெஷினை நிறுத்தாமல் தாண்டுங்கள். ரீபெயின்ட் அடித்த பேனலில் புதிதாகச் சோதனை செய்யுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சூடு கலையாது, வேகத்தை 3-க்கு இறக்குங்கள்.

ஜெர்மன் கார்களின் கடினமான கிளியர் கோட் என்றால் இது மட்டும் வாங்குவது வீண். அதற்கு முன்னால் ஒரு கட்டிங் காம்பவுண்ட் வேண்டும்.