முனைச் சைலன்சரா, முழுச் செட்டா?

காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கருவி) உள்ள பைக்கில் பின்பக்க முனைச் சைலன்சரை மட்டும் மாற்றினால், பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெற் பெரும்பாலும் பழையதே போதும். அக்சிலரேற்றரின் நடுத் திறப்பில் எஞ்சின் தடுமாறினால், காபரேற்றருக்குள் பெற்றோலை அளக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே போடுங்கள். ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும்.

எஞ்சினிலிருந்தே பைப்பை மாற்றும் முழுச் செட் அப்படியல்ல. கூடவே ஏர் பில்டரையும் திறந்துவிட்டால் கலவை மெலிந்து, அதாவது பெற்றோல் குறைந்து, எஞ்சின் கொதிக்கும். மெயின் ஜெற்றைப் பெரிதாக்கத்தான் வேண்டும். அது வேலை செய்வது முக்கால் திறப்புக்கு மேல். ஐட்லிங் சரியில்லையென்றால் குறைந்த திறப்புக்குப் பெற்றோல் தரும் சிறிய பைலட் ஜெற்றைப் பாருங்கள். காதை நம்பாதீர்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை வெள்ளையென்றால் பெற்றோல் போதாது, கரி படிந்தால் அதிகம், கோப்பி நிறமென்றால் சரி.

திருகோணமலையில் கடல் மட்டத்துக் கனமான காற்றுக்குப் பொருத்திய ஜெற், சுமார் 1,868 மீற்றர் உயர நுவரெலியாவின் மெல்லிய காற்றில் பெற்றோல் மிஞ்சிக் கரும்புகை கக்கலாம். உப்புக் காற்றும் இருக்கிறது: நிலாவெளிப் பக்கம் தினமும் ஓடுபவர்களின் சாதா இரும்புப் பைப், வெல்டிங் மூட்டில்தான் முதலில் கறள் பிடிக்கும். முழுச் செட் போடுவதென்றால் ஸ்ரெயின்லெஸ்ஸில் போடுங்கள். டவுனுக்குள் ஓடுபவருக்கு முனைச் சைலன்சரே தாராளம்.