மலைப்பள்ளி நன்கொடைக் கணக்குக்கு டேலி பிரைம்: எது பிடிபடும், எது நழுவும்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழை பிடித்தால் நெட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால், நெட் இல்லாமலே பதிவு போட முடிகிற டேலி பிரைம் என்ற கணக்கெழுதும் மென்பொருளுக்கு மலையில் நடக்கும் சிறு கல்வி அறக்கட்டளைகளிடம் மவுசு இருப்பதில் ஆச்சரியமில்லை. மாலை வகுப்பு, விடுதி, உதவித்தொகை என்று நாலைந்து பேர் கொடுத்த பணத்தை நாலைந்து ஊரில் செலவழிக்கும் அமைப்புக்கு இது சரிவருமா என்றுதான் இங்கே பார்க்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், வாங்கலாம். ஆனால் மளிகைக் கடைக்கும் தேயிலைக் கிடங்குக்கும் அமைத்துக் கொடுப்பதுபோல அமைத்துவிட்டுப் போனால் வாங்காததற்குச் சமம்.

ஆடிட்டர்கள் ஃபிடூஷியரி ரிஸ்க் என்பார்கள். நோட்டுப் புத்தகத்துக்கென்று ஒருவர் நம்பிக் கொடுத்த காசு, மாதக் கடைசியில் ஜீப்புக்கு டீசலாகக் கரைந்துபோகும் அபாயம்தான் அது. திருட்டே நடக்காமல், ஒரே வங்கிக் கணக்கில் எல்லாப் பணமும் கலந்து கிடப்பதால் மட்டுமே இது நடந்துவிடும். வங்கி இருப்பு சரியாக இருக்கும்; யார் பணம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

டேலியில் இதற்கு மருந்து காஸ்ட் கேட்டகரி, அதாவது ஒரே செலவை யார் பணம், எந்தப் பள்ளி என்று வகைவகையாகப் பிரித்துக் காட்டும் தலைப்பு. எஃப்11 அழுத்தினால் வரும் அமைப்புத் திரையில் காஸ்ட் சென்டரை (கேட்டகரிக்குள் வரும் தனித்தனிப் பெயர்களை) இயக்கிவிட்டு, ‘நன்கொடையாளர்’ என்று ஒன்று, ‘பள்ளி’ என்று ஒன்றாக இரண்டு கேட்டகரி உருவாக்க வேண்டும். ஒரே தொகையை இரண்டிலும் முழுதாகப் பிரித்துப் போடலாம் என்பதுதான் இதன் அருமை. உதாரணத்துக்கு, குன்னூரில் 18,400 ரூபாய்க்கு நோட்டு வாங்குகிறீர்கள், பிள்ளைக்கு 100 ரூபாய் வீதம் 184 பேருக்கு. நன்கொடையாளர் கேட்டகரியில் முதலாமவர் 11,040, இரண்டாமவர் 7,360. பள்ளி கேட்டகரியில் கோத்தகிரி 7,200, கூடலூர் 6,400, பந்தலூர் 4,800. ஒரே வவுச்சர், ஒரே எஃப்5 (பணம் கொடுத்ததற்கான பதிவு). பிறகு நன்கொடையாளர் கேட்டாலும் பள்ளி கேட்டாலும் அறிக்கை தனித்தனியாக வரும். ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஒரு செலவு லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) திறந்து வைப்பவர்கள் உண்டு. மூன்றாம் வருடம் லெட்ஜர் பட்டியல் ரேஷன் கார்டு வரிசைபோல நீண்டுவிடும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கம்ப்யூட்டர் வாங்கும்போதுதான் தெரியும். செலவு லெட்ஜர்களுக்குக் காஸ்ட் சென்டர் தானாகவே பொருந்தும். சொத்து லெட்ஜர்களில் காஸ்ட் சென்டர் பொருந்துமா என்ற கேள்வி ‘இல்லை’ என்றே நிற்கும். ஆகவே நன்கொடைப் பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டரும் பெஞ்சும் அந்த நன்கொடையாளரின் அறிக்கையில் வராது. பணம் செலவாகாமல் கிடப்பதுபோலத் தெரியும். சொத்து லெட்ஜரில் ‘ஆம்’ என்று மாற்றுவது பாதி வேலை. வருவாய் சாராத இனங்களையும் பிரிக்க கேட்டகரியில் அனுமதி கொடுப்பது மீதிப் பாதி. இரண்டில் ஒன்றை விட்டாலும் பயனில்லை.

பட்ஜெட் வசதியை நம்பி ஏமாறாதீர்கள். நன்கொடையாளர் போக்குவரத்துக்கு 60,000 தான் ஒதுக்கினார் என்று பட்ஜெட் போட்டு வைத்தாலும், 60,001-வது ரூபாயை டேலி தடுக்காது. பதிவை வாங்கிக்கொண்டு, அறிக்கையில் வித்தியாசம் காட்டும், அவ்வளவுதான். தடுப்பு காகிதத்தில்தான் இருக்க வேண்டும்: காசோலையில் கையெழுத்துப் போடுமுன், ‘இந்தத் தலைப்பில் ஒதுக்கீடு, இதுவரை செலவு, இந்தப் பில், மிச்சம்’ என்று நான்கு கட்டம் போட்ட சீட்டு. மிச்சம் என்ற கட்டத்தை நிரப்பாத சீட்டில் செயலாளர் கையெழுத்துப் போடக் கூடாது.

வவுச்சர் எண்ணில் இன்னொரு வம்பு. தானியங்கி எண்ணிடலில், கடந்துபோன தேதியிட்டு ஒரு வவுச்சரை நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒன்று ஒன்றாக நகர்ந்துவிடலாம். பில்லின் மேல் சிவப்பு மையில் 47 என்று எழுதி வைத்திருப்பீர்கள், திரையில் அது 48 ஆகியிருக்கும். தணிக்கையில் வவுச்சர் பொருந்தவில்லை என்ற குறிப்பு இப்படித்தான் விழுகிறது. 3.0 பதிப்பிலிருந்து, பழைய எண்ணை அப்படியே வைத்திருக்கும் தேர்வு வவுச்சர் வகை அமைப்பில் இருக்கிறது. ஏப்ரல் முதல் பதிவுக்கு முன்பே அதைத் தேர்ந்துவிடுங்கள்.

இப்படிப் பழைய தேதி போடுவதற்கே கடிவாளம் போடலாம். பதிவு போடும் பணியாளருக்கான பயனர் வகையில், எத்தனை நாள் பின்னோக்கிப் பதியலாம் என்று வரம்பு வைக்க இடமுண்டு. சமவெளியில் மூன்று நாள் போதும். மலையில் பந்தலூர் பில் பஸ் ஏறி வந்து சேரவே ஒரு வாரம் ஆகும், பத்து நாள் வைப்பதுதான் நடைமுறை. நெருக்கிப் பிடித்தால் ஆட்கள் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிவிடுவார்கள், பிறகு எந்த வரம்பும் இல்லை.

எடிட் லாக் பற்றி ஒரு வார்த்தை. யார், எப்போது, எதை மாற்றினார் என்று தடம் வைக்கும் வசதி இது. சாதாரணப் பதிப்பில் வேண்டாமென்று அணைத்து வைக்கலாம். ‘எடிட் லாக்’ என்றே தனியாக வரும் பதிப்பில் அணைக்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு இப்படிப்பட்ட தடம் கட்டாயம், கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் பதிவான தொண்டு அமைப்புகளும் அதில் அடக்கம். டிரஸ்டாகப் பதிந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அணைக்க முடியாத பதிப்பையே நிறுவுங்கள். பணம் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்குக்கு டேலியில் தனி ‘கம்பெனி’ திறப்பதே ஒழுங்கு. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் டெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊட்டியிலோ குன்னூரிலோ உள்ள பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றுவதை எஃப்4 கான்ட்ராவில் (சொந்தக் கணக்குகளுக்கு இடையே பணம் மாற்றும் பதிவில்) பதியுங்கள். அதை ரிசீட்டாகப் போட்டால் ஒரே பணம் இரண்டு முறை வரவாகி, டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய எஃப்சி-4 என்ற ஆண்டறிக்கை தப்பாகப் போகும். வட்டியும் வெளிநாட்டுப் பணமாகவே கணக்கு. உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய்கூட அந்தக் கணக்கில் விழக் கூடாது. அங்கே பணம் தீர்ந்துவிட்டதென்று உள்ளூர்க் கணக்கிலிருந்து கைமாற்றாகப் போட்டு நிரப்புவதும் கலப்புதான்.

மலைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வண்டிச் செலவு. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்ததும் அதே திருத்தத்தில்தான். வாகனப் பராமரிப்பும் பயணமும் கணக்கெழுதும் செலவும் விதிப்படி நிர்வாகச் செலவு. பள்ளி ஆசிரியர் சம்பளம்போல, நோக்கத்துக்கே நேராகச் செலவாவது அதில் சேராது. அலுவலக ஜீப்பும் பிள்ளைகளை ஏற்றி வரும் ஜீப்பும் ஒரே லெட்ஜரில் விழுந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் எரிந்த டீசல் முழுவதும் 20 சதவீதத்தைத் தின்றுவிடும். ‘மாணவர் போக்குவரத்து’, ‘அலுவலக வாகனம்’ என்று இரண்டு லெட்ஜர் வையுங்கள். மாணவர் பக்கத்துக்கு லாக் புத்தகம் வேண்டும்: தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், ஏறிய பிள்ளைகளின் எண்ணிக்கை. லாக் புத்தகம் இல்லாத லெட்ஜர் பெயரை ஆடிட்டர் மதிக்க மாட்டார்.

ரொக்க விஷயத்தில் டேலி உதவுவது கொஞ்சம்தான். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது அறச்செலவாக ஏற்கப்படாது. கூரை வேலை செய்த மேஸ்திரிக்கு 24,000-த்தை மூன்று வவுச்சராக உடைத்து ஒரே தேதியில் போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மேஸ்திரியின் வங்கிக் கணக்கு எண்ணை வேலை தொடங்கும் அன்றே வாங்கிவிடுவது நல்லது. ரொக்க இருப்பு மைனஸில் போனால் எச்சரிக்கும் அமைப்பு டேலியில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். கையில் இல்லாத காசைச் செலவழித்ததாக எழுதும் தவறு அன்றே பிடிபடும்.

பில்லைக் காப்பாற்றுவது மலையில் தனி வேலை. பெட்ரோல் பங்கு தரும் தெர்மல் காகிதம் சில மாதத்திலேயே வெள்ளைத்தாள் ஆகிவிடும். வந்த அன்றே நகலெடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடியுங்கள். பீரோவைச் சுவரை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் ஓதம் ஏறி ஃபைல்கள் பூஞ்சை பிடிக்கும், அரையடி தள்ளி வையுங்கள். 2022-இல் வந்த வருமான வரி விதி அறக்கட்டளைக் கணக்குகளைப் பத்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கரண்ட் திடீரென்று போய் டேட்டா கெடுவதும் உண்டு, யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் டேலி வேண்டாம். ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுப்பதைத் தினமும் செய்யுங்கள். வாரம் ஒரு பிரதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். மண்சரிவும் வெள்ளமும் பீரோவைப் பார்த்து வருவதில்லை.

உரிமத்தில் சில்வர் என்பது ஒரு கணினிக்கு, கோல்டு என்பது ஒரே நெட்வொர்க்கில் பல கணினிக்கு. இரண்டு பேர் அலுவலகத்துக்கு சில்வர் போதும், ஆனால் பதிவு போடுபவரே பாஸ்புக்கைப் பார்த்து வங்கிச் சரிபார்ப்பும் செய்யக் கூடாது. அதை மாதம் ஒரு முறை பொருளாளர் வந்து அதே கணினியில் தன் பயனர் பெயரில் செய்யட்டும். உரிமம் போடாமல் பழகிப் பார்ப்பதற்கான ‘எஜுகேஷனல்’ முறையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிய முடியும். அதை வைத்து ஒப்பேற்றிய கணக்கில் மொத்த மாதச் செலவும் இரண்டாம் தேதியிலேயே நடந்திருக்கும். அப்படி ஒரு புத்தகத்தை எந்த ஆடிட்டரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரே நன்கொடையாளர், ஒரே பள்ளி, மாதம் இருபது வவுச்சர் என்றால் இதெல்லாம் வேண்டியதில்லை. நல்ல கேஷ் புக்கும் ஒரு எக்செல் தாளும் போதும்.