தாடகைக்கு பிரேம் போட்ட கடை

நாகர்கோவில்ல படத்துக்கு பிரேம் போட எங்க குடுக்கலாம்னு அப்பப்போ யாராவது கேக்காங்க, அதான் இத எழுதுகேன். வடசேரி பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்க சின்ன கடை. பேர் போடாண்டாம் மக்ளே, இருக்க வேலையே முடியலன்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லிட்டாரு, வேணும்ங்கவங்க தனியா கேளுங்க, வழி சொல்லுகேன். உள்ள போனா எல்லா பிரேம் கடை மாதிரியும் தான், முருகன், வேளாங்கண்ணி மாதா, கல்யாண போட்டோ, மால போட்ட தாத்தாமார், தரையெல்லாம் பீடிங் (பிரேம் செய்யுத சட்டம்) துண்டும் மரத்தூளும்.

நான் கொண்டு போனது இதுல எந்த வகையும் இல்ல. சித்தி பையன் டேப்லெட்ல வரைஞ்ச ஒரு படம். ஆரல்வாய்மொழி பக்கம் கரண்டு எடுக்க காத்தாடியா நிக்குமே, அந்த இடம், பின்னால தாடகை மலை. பூதப்பாண்டி பக்கம் போறவங்களுக்கு தெரியும், ஒருத்தி மல்லாந்து படுத்து கிடக்க மாதிரியே இருக்கும் அந்த மலை. இவன் என்ன பண்ணிருக்கான்னா அவள எழுப்பி உக்கார வச்சுட்டான். மலை பாதி எந்திரிச்சிருக்கு, தோள்ல இருந்து பாறையும் மரமும் சரிஞ்சு விழுது, காத்தாடி எல்லாம் அவ இடுப்பு உயரத்துக்கு கூட வரல, அதுல ஒண்ண பிடுங்கி கையில வச்சு இது என்ன சாதனம்னு உத்துப் பாத்துட்டு இருக்கா. சத்தியமா சொல்லுகேன், முதல் தடவ பாத்தப்போ எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் பயமும் வந்துச்சு.

வீட்ல ஒருத்தருக்கும் பிடிக்கல. ராட்சசி படத்த ஹால்ல மாட்டுனா வீடு விளங்குமான்னு பெரியப்பா. அதே பெரியப்பா தான் வெளியூர் ஆளுங்க வந்தா சுசீந்திரம் கூட்டிட்டுப் போயி தூண்ல இருக்க யாளிய காட்டி, சிங்க உடம்பு யானை தும்பிக்கை, எப்படி செதுக்கிருக்கான் பாருன்னு பெருமையா சொல்லுவாரு. ஆனா கோயில்ல யாளி இருக்கு, அதனால இந்த படத்துக்கும் மரியாத குடுங்கன்னு கேக்க நான் வரல, அது சுலபமான வாதம். அங்க கிடைக்க மரியாத கோயிலுக்கு. அந்த யாளிய செதுக்குன ஆளு பேர யாரு கேட்டா, யாருக்கு தெரியும்?

இந்த கடைக்கு முன்னாடி வேற ஒரு கடைக்கு போனேன். அங்க இருந்த தம்பி பாத்துட்டு, பிள்ளைங்க ரூமுக்கா அண்ணா, ஸ்டிக்கரா அடிச்சு செவுத்துல ஒட்டிருங்க, பிரேம் எதுக்கு வீணான்னு சொன்னான். காசு வேண்டாம்னு சொல்லுத கடைய நான் அன்னைக்கு தான் பாத்தேன்.

நம்ம அண்ணாச்சி அப்படி இல்ல. என் செல்போன வாங்கி, கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு, பெருசு பண்ணி பண்ணி பாத்தாரு. முதல்ல சொன்னது, இது நம்ம தாடக மலல்லா. அடுத்து சொன்னது தான் விஷயம். காத்தாடிக்கு நிழலு இந்தப் பக்கம் விழுது, இவளுக்கு நிழலு அந்தப் பக்கம் விழுது, பையன் ரெண்டு சூரியன் வச்சிருக்கானா மக்ளே? நான் அப்பிடியே நின்னுட்டேன், ஏன்னா அத்தன பேரு பாத்தோம், பேய் படம்னு திட்டுனவங்களும் பாத்தாங்க, சூப்பர்டா மக்கான்னு லைக் போட்டவங்களும் பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் இது படல. பையன்கிட்ட சொன்னதும் மூஞ்சி வாடிப் போச்சு, அப்புறம் ராத்திரியோட ராத்திரியா திருத்தி புது பைல் அனுப்பிட்டான். நிழலு சரியானதும் அவ பாரமே கூடிப் போச்சு, நிஜமாவே ஒரு மலை எந்திரிக்க மாதிரி இருக்கு.

இந்த மாதிரி இல்லாதத கற்பனைல வரையற பேன்டஸி படத்துக்கு மரியாத வேணும் வேணும்னு சொல்லுத ஆளுங்க கேக்கறது பாராட்ட. எனக்கு அண்ணாச்சி குடுத்தது தான் மரியாதன்னு தோணுது, தப்பு கண்டுபிடிக்கற அளவுக்கு உக்காந்து பாத்தாரு பாத்தீங்களா, அது. இல்லாத ஒண்ண வரையறவனுக்கு எதிர்ல வச்சு பாத்து வரைய எதுவும் கிடையாது, அதனால இருக்க வெளிச்சம், எலும்பு, பாரம் எல்லாம் மத்தவங்கள விட கூடுதலா தெரிஞ்சிருக்கணும். செஸ்லி போன்ஸ்டெல்னு ஒரு அமெரிக்கக்காரர், ராக்கெட்டே விண்வெளிக்கு போய் பழகாத 1944ல, டைட்டன் நிலாவுல நின்னா சனி கிரகம் எப்படி தெரியும்னு வரைஞ்சாரு, லைஃப் பத்திரிகைல வந்துச்சு. அவரு முன்னாடி கட்டடங்களுக்கு படம் வரைஞ்சுட்டு இருந்த ஆளு, அந்த பழக்கத்துல தூரம் கோணம் எல்லாம் கணக்கு போட்டு வரைவாரு. டைட்டன்ல வாயு மண்டலம் இருக்குன்னு கைப்பர்ங்கற வானியல் விஞ்ஞானி அறிவிச்சதும் அதே 1944 தான். போன்ஸ்டெல் வானத்த நீலமா போட்டாரு, 2005ல ஹைகன்ஸ் விண்கலம் அங்க இறங்கி பாத்தா எல்லாம் ஆரஞ்சு மூட்டம். கலர் தப்பு தான், ஆனா அவர இன்னைக்கும் யாரும் கேலி பண்ணறதில்ல, ஏன்னா அன்னைக்கு தெரிஞ்சத வச்சு ஏமாத்தாம வரைஞ்சாரு.

நம்ம பக்கத்துல சொல்லணும்னா அம்புலிமாமா சங்கர். விக்ரமாதித்தன் வாள உருவிட்டு பொணத்த தோள்ல போட்டு நடக்க அந்த படம் தெரியாதவங்க உண்டா. ஒரு தடவ அந்த நடைய மட்டும் பாருங்க, தோள்ல நிஜமா ஒரு ஆளு பாரம் இருக்கும், வேதாளம்னு ஒண்ணு இல்லங்கறதே நமக்கு மறந்து போகும். பத்மஸ்ரீ 2021ல குடுத்தாங்க, அவரு 2020லயே இறந்துட்டாரு. வெளிநாட்டுல நிலைமை வேற மாதிரி, ஃபிராங்க் ஃபிரசெட்டா ஒரு பேய்க்கத பத்திரிகை அட்டைக்கு 1969ல வரைஞ்ச எகிப்து ராணி படம் 2019ல 54 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. சந்தோஷம் தான், ஆனா ஏலத்துல கை தூக்கறவன் நிழல பாக்கானா விலைய பாக்கானான்னு யாரு கண்டா. (ஃபிரசெட்டா படத்துல பொம்பளைங்களுக்கு துணியே இருக்காது, அத வீட்ல மாட்டுனா பெரியப்பா என்ன சொல்லுவாருன்னு யோசிக்கவே வேண்டாம். அந்த விஷயத்துல நானும் பெரியப்பா கட்சி.)

செரி, கடைக்கு வருவோம். வேலை கொள்ளாம். 12க்கு 18 இன்ச், அதுக்கு 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும்னா 3600க்கு 5400 பிக்சல் இருக்கணும்னு அவரே பைல சரி பாத்தாரு, வாட்ஸ்அப்ல அனுப்பாத, சுருங்கிரும், பென்டிரைவ்ல கொண்டா அப்படின்னாரு. பிரிண்ட பசை போட்டு அட்டைல ஒட்டல, மேல மட்டும் பேப்பர் டேப் வச்சு தொங்க விட்டுருக்காரு. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு (படத்த சுத்தி வைக்க கெட்டி அட்டை) இடைவெளி கண்டிப்பா இருக்கணும்னாரு, நம்ம ஊர்ல ரெண்டு மழையும் பெய்யும், பேப்பர் கண்ணாடில ஒட்டிட்டா பூஞ்சை பிடிச்சு பிறகு பிரிக்கவே முடியாது. பின்னால செவுத்துல முட்டாம இருக்க நாலு மூலைலயும் சின்ன ரப்பர் துண்டு. என்கிட்ட இருந்த ஒரு பழைய அம்புலிமாமா பக்கத்தையும் இதே மாதிரி போட்டுக் குடுத்தாரு, லேமினேஷன் கேட்டதுக்கு முடியாதுன்னுட்டாரு, சூடு வச்சா பழைய பேப்பர் போயிரும்னு.

குறையும் சொல்லணும். சொன்ன தேதிக்கு வேலை முடியாது, போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போனா நாளைக்குன்னு சொல்லுவாரு, அந்த நாளை எந்த நாளைன்னு அவருக்கே தெரியாது. பிரிண்ட் கொஞ்சம் இருட்டடிச்சு போச்சு, ஸ்கிரீன்ல மின்னுன நீலம் பேப்பர்ல வராதுன்னு முதல்லயே ஒரு சாம்பிள் துண்டு அடிச்சு காட்டிருக்கலாம். முக்கியமான குறை, மவுண்ட் வெட்டுனதுல கீழ் மூலைல பையன் போட்ட கையெழுத்து உள்ள போயிருச்சு. கேட்டா, பேரு தெரிஞ்சா படத்துக்கு லெச்சணமா இருக்காதேங்காரு. எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு, நிழல் வரைக்கும் பாத்த மனுஷன் பேர மறைக்கலாமா? இருபது வருஷமா சாமி படத்துல அப்படி தான் மக்ளே வெட்டுகேன், யாரும் ஒண்ணும் சொன்னதில்லன்னாரு. அப்புறம் புது மவுண்ட் வெட்டி மாத்திக் குடுத்தாரு, அதுக்கு காசு வாங்கல.

இன்னொண்ணு, கடை முன்னாடி மாதிரிக்கு மாட்டிருக்கறதுல ரெண்டு மூணு ஏஐ படம். தீ கக்குத டிராகன், பளபளன்னு இருக்கு, கிட்ட போயி பாத்தா இறக்கைல இருந்து ஒரு காலு முளைச்சு நிக்கி. இத மாட்டாதீங்க அண்ணாச்சின்னு சொன்னேன், கேட்டு வாறவன் இத தான் கேக்கான், நான் என்ன செய்யன்னாரு. பேன்டஸி ஓவியம்னாலே குப்பைன்னு சொல்லுதவங்களுக்கு இந்த மாதிரி படம் தான் சாட்சி, அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். மரியாத படத்துக்கு படம் பாத்து தான் குடுக்கணும், மொத்தமா அலமாரிக்கே குடுக்க முடியாது.

விலை ஆயிரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு, பிரிண்ட் தனி. மரக்கலர் பைபர் பீடிங் போதும், தேக்கு கேட்டா விலை எங்கயோ போவும். சாதா கண்ணாடி போட்டா டியூப்லைட் அப்படியே தெரியும், மங்கல் கண்ணாடியும் வச்சிருக்காரு, ஆனா அதுல இருட்டு படம் இன்னும் இருட்டா தெரியுது, நான் சாதாவே எடுத்தேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஐப்பசி கார்த்திகை மழைல படம் கொண்டு போகாதீங்க, பேப்பர் ஈரம் இழுத்து அலை அலையா நிக்கும். ஞாயித்துக்கிழம லீவு, பைக்க மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து போங்க, சந்துக்குள்ள திருப்ப இடம் கிடையாது. கையெழுத்து வெளிய தெரியணும்னு பென்சில்ல பின்னாடி எழுதியே குடுத்துருங்க.