கேன்ட்ரி மில்லுக்கு மலிவு ஸ்டெப்பர் டிரைவர்கள்: நீண்ட நாள் ஓட்டியபின் தெரிவது

வீட்டுப் பட்டறையில் ஓடும் கேன்ட்ரி மில் (பாலம் போன்ற சட்டத்தில் கட்டர் நகரும் கணினி வெட்டு மெஷின்) பெரும்பாலும் நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாரில்தான், அதாவது சிறு சிறு ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டாரில்தான், ஓடுகிறது. அந்த மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவரைத் தேடும்போது எல்லாரும் பெட்டியில் அச்சிட்ட ஆம்பியரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு டிரைவர் நிலைத்து உழைக்குமா என்பதை அது தாங்கும் வோல்ட்டேஜும், அதன் ஆப்டோகப்ளர் (கன்ட்ரோலரின் சிக்னலை ஒளி வழியாக டிரைவருக்குக் கடத்தும் பாகம்) எவ்வளவு வேகமானது என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

வோல்ட்டேஜ் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு போட்டாலே புரிந்துவிடும். 2.8 ஆம்பியர், 2.5 மில்லி ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) உள்ள மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுருளில் மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து 2.8-க்கு ஏற, 24 வோல்ட்டில் சுமார் 0.29 மில்லி நொடி ஆகும். 36 வோல்ட்டில் 0.19. 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூவில் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகில்) நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓட்டினால் மோட்டார் நொடிக்கு 10 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் என்பதால், ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைப்பது வெறும் 0.5 மில்லி நொடி. 24 வோல்ட்டில் அதில் பாதிக்கு மேல் மின்னோட்டம் ஏறுவதற்கே போய்விடுகிறது. இதே கணக்கை 6.8 மில்லி ஹென்றி மோட்டாருக்குப் போட்டால் 0.79 மில்லி நொடி வரும். அதாவது மின்னோட்டம் முழு அளவை எட்டுவதே இல்லை. சுருள் திருப்பி உண்டாக்கும் வோல்ட்டேஜ் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். வெட்டும்போது நன்றாக இருந்த மெஷின் வேகமாக நகரும்போது மட்டும் ஸ்டெப் தவறவிடுகிறது என்றால், டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் மோட்டாரின் இண்டக்டன்ஸைப் பாருங்கள். நீமா 23 வாங்கும்போது 3 மில்லி ஹென்றிக்குக் கீழ் உள்ளதைத் தேடி வாங்குவது எந்த டிரைவர் மாற்றத்தையும்விட அதிகப் பலன் தரும்.

இனி டிரைவர்களுக்கு வருவோம். ஏ4988, டிஆர்வி8825 போன்ற சின்ன பலகைகள் நீமா 17 என்ற சிறிய மோட்டாருக்குப் பொருந்தும். 2.8 ஆம்பியர் மோட்டாரை அவற்றில் மாட்டுவது வீண் வேலை. டிபி6560 நீலப் பலகையை இப்போது யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: 34 வோல்ட்தான் எல்லை, லாஜிக் 5 வோல்ட் வருவதற்கு முன் மோட்டார் சப்ளை வந்துவிட்டால் சிப் போய்விடும், ஆப்டோகப்ளரும் மந்தம்.

டிபி6600 என்ற பெயரில் வரும் கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோஷிபாவின் உண்மையான டிபி6600எச்ஜி சிப்பில் அதிகபட்ச மைக்ரோஸ்டெப் (ஒரு முழு ஸ்டெப்பை எத்தனையாகப் பிரிக்கிறது என்பது) 16. பெட்டி மேல் உள்ள டிப் சுவிட்ச் (அமைப்புக்கான குட்டி சுவிட்சுகள்) அட்டவணையில் 32, அதாவது ஒரு சுற்றுக்கு 6400 பல்ஸ் என்ற வரி இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் டிபி67எஸ்109ஏ. அது மோசமான சிப் அல்ல; 2 ஆம்பியர் அளவில் அமைதியாக ஓடும். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் 4 ஆம்பியரை நம்பி 3-க்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டினால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளச் சிப் அணைந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டார் பிடியை விடும், இசட் அச்சு ஸ்பிண்டிலோடு கீழே இறங்கும், கன்ட்ரோலருக்கு எதுவும் தெரியாது, வேலை தொடர்ந்து ஓடும். பொருள் மட்டுமல்ல, கட்டரும் போய்விடும். இசட் அச்சு இல்லாத இலகுவான லேசர் மேசைக்கு இது போதும். அலுமினியம் வெட்டும் மில்லுக்கு நான் இதை வைக்க மாட்டேன்.

என் தேர்வு டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவர்தான். 20 முதல் 50 வோல்ட், உச்சம் 4.2 ஆம்பியர். நொடிக்கு 5 முதல் 15 சுற்று வரையிலான வேகத்தில் ஸ்டெப்பர் மோட்டார்கள் அதிர்ந்து பலம் இழக்கும். 5 மி.மீ. பிட்ச்சில் அது நிமிடத்துக்கு 1500 முதல் 4500 மி.மீ., அதாவது நாம் அன்றாடம் ஓட்டும் வேகமே. நல்ல டிஜிட்டல் டிரைவர் இந்த அதிர்வைத் தானே அடக்குகிறது. பழைய அனலாக் வகைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்கேதான். விலை வித்தியாசத்துக்கு இதுவே நியாயம்.

ஆம்பியர் அமைப்பதில் ஒரு குழப்பம் உண்டு. டிஎம்542 அட்டவணையில் உச்ச அளவும் ஆர்எம்எஸ் (சூடேற்றும் அடிப்படையில் கணக்கிடும் ஒருவகைச் சராசரி) அளவும் தனித்தனியாக இருக்கும்: உச்சம் 2.84 என்றால் ஆர்எம்எஸ் 2.03தான். 2.8 ஆம்பியர் மோட்டாருக்கு 2.84-ல் தொடங்குங்கள். பலம் போதாவிட்டால் 3.31-க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி மோட்டார் உடலின் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். கை வைக்க முடியாத சூடு ஸ்டெப்பருக்கு இயல்புதான். நான்காவது சுவிட்சை ஆஃபில் வையுங்கள்; அப்போதுதான் நின்றிருக்கும்போது மின்னோட்டம் பாதியாகும்.

மின்சப்ளைக்கு 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். எக்ஸ், இரண்டு ஒய், ஒரு இசட் என நான்கு மோட்டார், ஒவ்வொன்றும் 2.8 ஆம்பியர், மொத்தம் 11.2; சப்ளைக்குத் தேவைப்படுவது அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 7.5. அந்த சப்ளை 9.7 தரும். 50 வோல்ட் எல்லை உள்ள டிரைவருக்கு 48 வோல்ட் சப்ளை கொடுக்க ஆசை வரும், கொடுக்காதீர்கள். கனமான கேன்ட்ரி சட்டென்று நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சப்ளைக்கே மின்சாரம் திருப்பி அனுப்பும். அந்த 2 வோல்ட் இடைவெளி நொடியில் தீர்ந்துவிடும். இரண்டு ஒய் மோட்டாருக்கும் தனித்தனி டிரைவர் வையுங்கள். எதிர்த்திசையில் சுற்ற வேண்டியதில் ஒரு சுருளின் இரண்டு கம்பிகளை மட்டும் மாற்றினால் போதும்.

மைக்ரோஸ்டெப் 8-ல் வைப்பது நல்லது. 5 மி.மீ. பிட்ச்சுக்கு ஒரு மி.மீ.க்கு 320 ஸ்டெப் வரும். அட்மெகா328 (ஆர்டுயினோ யூனோ வகை) பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோலர் மென்பொருள் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப் வரைதான் தரும். 8-ல் அது நிமிடத்துக்கு 5625 மி.மீ., 16-ல் 2812. மைக்ரோஸ்டெப்பைக் கூட்டுவதால் துல்லியம் கூடாது, வேகம்தான் குறையும்.

அதிகம் பேரைத் திணறடிக்கும் கோளாறு இனிமேல்தான். திசை சிக்னல் பல்ஸுக்குக் குறைந்தது 5 மைக்ரோ நொடி முன்னால் வர வேண்டும் என்பது டிஎம்542-இன் நிபந்தனை. ஜிஆர்பிஎல் இயல்பாக இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே அனுப்புகிறது. ஆப்டோகப்ளர் ஆன் ஆவதைவிட அணைவதற்கு அதிக நேரம் எடுப்பதால், ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் முதல் ஸ்டெப் தவறான திசையில் போகிறது. ஒருமுறை போய் வந்தால் பிழை இரண்டு மைக்ரோஸ்டெப் (போக வேண்டிய ஒன்றும் எதிராகப் போன ஒன்றும்), 320 கணக்கில் 0.00625 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. நூறு முறை போய் வந்தால் 0.6 மி.மீ. நகர்ந்திருக்கும்.

சோதனை எளிது. ஸ்பிண்டிலில் டயல் இண்டிகேட்டரைப் பொருத்திப் பூஜ்யத்தில் வையுங்கள். 10 மி.மீ. முன்னும் பின்னும் நூறு முறை ஓட்டி, மீண்டும் பூஜ்யத்துக்கு வரச் சொல்லுங்கள். இதையே மெதுவாக ஒரு தடவையும் வேகமாக ஒரு தடவையும் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகினால் சிக்னல் நேரக் கோளாறு. வேகத்தில் மட்டும், அதுவும் தாறுமாறாக விலகினால் பலம் போதவில்லை அல்லது கேபிளில் இரைச்சல். முதல் வகைக்கு ஜிஆர்பிஎல்லின் கான்ஃபிக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே வசதியை இயக்கி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கணினியில் ஓடும் கன்ட்ரோலர் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில் டிர்செட்டப் (பல்ஸுக்கு எவ்வளவு முன்னால் திசை சிக்னல் வர வேண்டும் என்ற நேரம்) மதிப்பைக் கூட்டினால் சரியாகும்.

இஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் பலகையை நேரே இணைக்க வேண்டாம். பல்ஸ் பிளஸ் முனையை 5 வோல்ட்டில் கட்டினால், பலகையின் சிக்னல் முனை 3.3-க்கு உயரும்போதும் 1.7 வோல்ட் மிஞ்சும். ஆப்டோ முழுதாக அணையாது. நடுவில் 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சிடி245 (சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சிப்) ஒன்றைப் போடுங்கள்.

கம்பி வேலையில் விடாமல் பார்க்க வேண்டியவை: மோட்டார் கேபிள் நான்கு இழை ஷீல்டு வகையாக இருக்கட்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். டெர்மினலில் மாட்டும் முனைக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து திருகு தளரும். ஃபெரூல் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பி ஒன்று விடுபட்டால் அந்த நொடியே டிரைவர் போய்விடலாம். மாண்ட டிரைவர்களில் பல இப்படித்தான் மாண்டவை. மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டுத் திருகுகளை இறுக்குங்கள். அலுமினியத் தூள் டிரைவர் இடுக்குக்குள் போகாதபடி மூடிய பெட்டியில், செங்குத்தாக, உலோகத் தகட்டோடு ஒட்டி வையுங்கள்.

நான்கு வாங்கும்போது ஐந்தாக வாங்கி ஒன்றை எடுத்துவையுங்கள். ஒரே பெயரில் வரும் நகல்களுக்கு டிப் சுவிட்ச் அட்டவணை மாறும். பழையதைப் பார்த்து அப்படியே சுவிட்சை வைத்தால் ஆம்பியரோ மைக்ரோஸ்டெப்போ தவறாகிவிடும்.