பிரேக் ஆயில் என்று விற்றார்கள், அது பிரேக் ஆயிலே இல்லை: பத்து நாள் சம்பளம் போச்சு

இன்று காலைதான் வண்டி மெக்கானிக்கிடமிருந்து திரும்பி வந்தது. பத்து நாள் சம்பளம் மொத்தமாகப் போய்விட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன்.

முன் பிரேக் லிவர் பொதபொதவென்று இருந்தது. இரண்டு மூன்று முறை வேகமாகப் பிடித்து விட்டால் கெட்டியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கிவிடும். லைனில், அதாவது பிரேக் ஆயில் போகிற குழாயில், காற்று சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நாம் பிடிக்கிற பிடி சக்கரத்தில் இருக்கிற டிஸ்க் தட்டுக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். லிவரைப் பிடித்தபடி, சக்கரத்துப் பக்கம் ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகே லிவரை விடுகிற பழைய முறையில் முன்பு நானே காற்று எடுத்திருக்கிறேன். தனியாளாகச் செய்வது சிரமம் என்பதால் இந்த முறை ஆன்லைன் கடை ஒன்றில் கைப் பம்பு, டியூப், ஒரு பாட்டில் பிரேக் ஆயில் எல்லாம் சேர்ந்த செட் வாங்கினேன்.

டாட் 4 என்பது பிரேக் ஆயிலில் ஒரு வகை. மாஸ்டர் சிலிண்டர் என்பது லிவர் பக்கம் இருந்து ஆயிலைத் தள்ளுகிற பாகம். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டேன். "டாட் 4 தானே? என் மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே டாட் 4 மட்டும் என்று போட்டிருக்கிறது." உடனே பதில் வந்தது: "பயப்படாம ஊத்துங்க அண்ணா, என் வண்டிக்கே இதைத்தான் போடுறேன்." பாட்டில் படத்திலும் டாட் 4, கொதிநிலை 230 டிகிரி என்று சரியாகவே அச்சிட்டிருந்தது. அந்த 'அண்ணா'வில்தான் நான் விழுந்தேன்.

பாட்டில் வந்தது. மூடியைத் திருகினால் உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய தாள் சீல் இல்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டதற்கு "புது பேக்கிங் அண்ணா" என்றார். ஊற்றினேன்.

பம்பு இழுக்க இழுக்கக் குமிழி வந்துகொண்டே இருந்தது. அது லைனில் இருந்த காற்று இல்லை, நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்று பிறகுதான் புரிந்தது. அது தெரியாமல் இன்னும் காற்று இருக்கிறதே என்று பாட்டில் முழுவதையும் விட்டேன். பழைய ஆயில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் லைன் முழுக்க இந்தச் சனியன் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் நின்றது. கருகிய வாசனை. டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல். லிவரைத் தொடவே இல்லை, ஆனாலும் முன் சக்கரம் சுற்றவில்லை. நல்லவேளை, வேகத்தில் இல்லை. வேகத்தில் முன் சக்கரம் பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. நிப்பிளை லேசாகத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விட்டது.

மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் கப்பைப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஊறிய சுண்டல் மாதிரி உப்பிப் போயிருந்தது. உப்பிய கப் ஆயில் திரும்பிப் போகும் துளையை அடைத்துவிட்டது. சூட்டில் ஆயில் விரிய, பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டது. பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். எண்ணெயாக மேலே மிதந்தது. டாட் 4 என்றால் தண்ணீரோடு கலந்திருக்கும். இந்த எண்ணெய்தான் ரப்பரை உப்ப வைத்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் கிட், காலிப்பர் சீல், ஹோஸ், பேட், கூலி எல்லாம் சேர்த்துப் பத்து நாள் சம்பளம்.

டம்ளர் வீடியோவை விற்பவருக்கு அனுப்பினேன். 'அண்ணா' போய் 'சார்' வந்தது. "திறந்த பாட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்." அப்புறம், "உங்களுக்கு ஏர் எடுக்கத் தெரியல சார்." அதற்கப்புறம் பதிலே இல்லை. கடையின் புகார் பகுதியில் 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று வந்தது. என்ன தீர்த்தார்கள்? மறுபடி எழுதினால் பாட்டில் விலைக்கு மட்டும் கூப்பன் தருகிறார்களாம். எனக்குப் போனது பத்து நாள் சம்பளம்! அந்தப் பாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

காற்று எடுப்பதைப் பற்றி முழுசாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சீல் இல்லாத பாட்டிலை ஊற்றாதீர்கள். வண்டிக்கு டாட் 4 என்றால் முதலில் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், மிதந்தால் தொடாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், அதுவும் உங்கள் வண்டிக்கு ஆகாது. காற்று எடுக்கும்போது மேலே லிவர் பக்கத்து டப்பாவில் ஆயில் தீர விடாதீர்கள், தீர்ந்தால் மறுபடி காற்று ஏறும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டால் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஓட்டாதீர்கள்.